கொல்லன் பட்டறையில் ஓர் ஆங்கிலப் பாடம்

ஆங்கிலச் சொற்களை ஆயிரக்கணக்கில் அடுக்கித் தமிழ்ப் பொருளோடு அச்சிட்ட தடித்த புத்தகம் ஒன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில் காணக்கிடைக்கிறது. வங்கித் தேர்வுக்கோ, வெளிநாட்டுப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கோ ஆயத்தமாகும் பிள்ளைகள் அதனை மடியில் வைத்துக்கொண்டு மனனம் செய்கிறார்கள். என்னிடம் ஓதும் மாணவர் ஒருவரும் அப்படித்தான் செய்தார். மதரஸாப் பாடத்தோடு அஞ்சல் வழியில் பட்டப்படிப்பும் பயின்று வருபவர் அவர். நாளொன்றுக்கு இருபது சொல் வீதம் 40 நாளில் 800 சொற்களை மனனம் செய்து முடித்துவிட்டு, "கேட்டுப் பாருங்கள் ஹஜ்ரத்" என்று பட்டியலை என் கையில் கொடுத்தார்.

'கன்டெசெண்ட்' என்னும் சொல்லைக் கேட்டேன். "கீழிறங்கி வருதல், தாழ்ந்து அருளுதல்" என்று தடையின்றிச் சொன்னார். ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள் என்றேன். சற்று யோசித்தார். "என் அத்தா மாடியிலிருந்து கன்டெசெண்ட் ஆனார்" என்றார். உடனிருந்த மாணவர்களில் எவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அது சரியென்றே பட்டது.

அவர்மீது குற்றமில்லை. பட்டியல், சொல்லுக்குப் பொருளைத் தரும். அச்சொல் யார் வாயில் வரும், யாரை நோக்கிச் சொன்னால் மரியாதை, யாரை நோக்கிச் சொன்னால் இகழ்ச்சி என்பதைத் தராது. அவற்றையெல்லாம் தருவது, மனிதர்கள் பேசிப் பழகி, பொய்யுரைத்து, வருந்தித் திருந்தும் ஒரு கதைதான். அடுத்த வாரத்திலிருந்து அஸர் தொழுகைக்குப் பின் நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஓர் ஆங்கில நாவலை வரி வரியாகப் படிக்கத் தொடங்கினோம். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்பது அதன் பெயர்.

நாவலா, அதுவும் மதரஸாவிலா என்று ஒரு மாணவரின் பாட்டனார் என்னிடமே வந்து கேட்டார். அவருடைய கவலை புரிகிறது. அந்நூலில் சீட்டாட்டம் வருகிறது, மதுக்கடை வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கதையில் தவறு செய்தவர் எவரும் அதன் விலையைக் கொடுக்காமல் தப்புவதில்லை. அதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், பேரனைத் தடுக்கவும் இல்லை.

ஏன் இந்த நூல்? டிக்கன்ஸ் இதனை 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை, தாமே நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்னும் வார இதழில் தொடர்கதையாக எழுதினார். வாரத்துக்கு ஒருமுறை படிக்கும் வாசகர், போன வாரம் வந்த மனிதரை இந்த வாரம் மறந்துவிடலாம் அல்லவா? ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பேச்சு வழக்கை, ஒரு செய்கையை ஒட்டிவைத்தார். வெம்மிக் என்னும் குமாஸ்தா வாய் திறந்தால் 'போர்ட்டபிள் பிராபர்ட்டி' என்பார். கையோடு எடுத்துச் செல்லத்தக்க சொத்து என்று பொருள். நாவல் முழுக்க அவர் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அன்று வார இதழ் வாசகருக்காகச் செய்த ஏற்பாடு, இன்று மொழி கற்போருக்கு வாய்ப்பாகிவிட்டது. ஒரு சொல் ஒருமுறை வந்தால் மறந்துபோம். அதே மனிதர் வாயில் பத்து முறை வந்தால், மறக்க நினைத்தாலும் மறவாது.

இன்னொரு காரணம் உண்டு. இக்கதையின் நாயகனான பிப் என்னும் சிறுவனே சொற்களோடு மல்லுக்கட்டுபவன். ஃபிலிப் பிர்ரிப் என்ற தன் முழுப்பெயரைச் சொல்ல நா வராமல் 'பிப்' என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்டவன். பெற்றோரைக் கண்டறியாத அனாதை. கல்லறைக் கல்லில் தந்தையின் பெயருக்குக் கீழே, 'மேற்படியாரின் மனைவி' என்று தாயைப் பற்றிப் பொறித்திருக்கிறது. 'அபவ்' என்றால் மேலே. ஆகவே தந்தை மேலுலகம் சென்றுவிட்டதைத்தான் கல் மரியாதையாகக் குறிக்கிறது என்று சிறுவன் எண்ணிக்கொள்கிறான். பத்திரங்களில் 'மேற்படி' என்று எழுதும் சொல்லை நம் வீட்டுக் குழந்தை படித்தால் என்ன எண்ணும் என்று மாணவர்களைக் கேட்டேன். அன்று வகுப்பு கலகலப்பாயிற்று.

அவனை வளர்ப்பவள், அவனைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த அக்காள். இவனைக் 'கையால் வளர்த்தேன்' என்று ஊராரிடம் பெருமை பேசுவாள். தாய்ப்பாலின்றிப் புட்டியிலும் கரண்டியிலும் ஊட்டி வளர்ப்பதற்கு அன்றைய ஆங்கிலத்தில் வழங்கிய தொடர் அது. பிப்புக்கு அது தெரியாது. அக்காளின் கை கனமானது என்பதும், அது தன்மீதும் அவள் கணவர் ஜோவின்மீதும் அடிக்கடி விழுவது என்பதும் மட்டுமே தெரியும். எனவே தானும் ஜோவும் கையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று முடிவு செய்துகொள்கிறான். ஒரு தொடருக்கு ஊரார் கொள்ளும் பொருளும் அடிபட்ட பிள்ளை கொள்ளும் பொருளும் இங்கே அருகருகே நிற்கின்றன. எந்த அகராதியில் இதைக் காண்போம்?

'ஹல்க்ஸ்' என்னும் சொல்லும் அவ்வாறே வருகிறது. இரவில் பீரங்கி முழங்குகிறது. கைதி தப்பினான் என்கிறார்கள். எங்கிருந்து என்று கேட்கிறான் பிப். அக்காளுக்கு அஞ்சி, ஜோ ஓசையின்றி உதட்டை அசைக்கிறார். சிறுவனுக்கு அது 'சல்க்ஸ்' என்று படுகிறது. சல்க்ஸ் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல். உடனே அக்காளைச் சுட்டிக்காட்டி, 'இவளா?' என்று அவனும் உதட்டசைவால் கேட்கிறான்! இப்படி ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளப் போய் இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. ஹல்க்ஸ் என்பவை, கடலோடத் தகுதியிழந்து கரையோரம் நிறுத்தப்பட்டுச் சிறையாக மாற்றப்பட்ட பழைய கப்பல்கள். பின்னர் ஒரு மாணவர், தம் ஊரில் கரையேற்றிப் போட்டிருக்கும் பழைய மரக்கலத்தைக் காட்டி அச்சொல்லைத் தம் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததாகக் கூறினார்.

கதையின் திருப்பமே ஒரு சொல்லால்தான் நிகழ்கிறது. மிஸ் ஹாவிஷாம் என்னும் செல்வச் சீமாட்டியின் மாளிகைக்கு விளையாட அழைக்கப்படுகிறான் பிப். எஸ்டெல்லா என்னும் பெண்ணோடு சீட்டாடச் சொல்கிறார்கள். கிராமத்து வழக்கப்படி ஒரு சீட்டை அவன் 'ஜாக்' என்கிறான். மேட்டுக்குடியினர் அதனை 'நேவ்' என்பார்கள். எஸ்டெல்லா அதைச் சொல்லிக்காட்டி ஏளனம் செய்கிறாள். அவன் கையின் கரடுமுரடையும் காலணியின் தடிப்பையும் பழிக்கிறாள். அதுவரை தன் கையைப் பற்றி அவனுக்கு யாதொரு குறையும் தோன்றியதில்லை. அவளுடைய இகழ்ச்சி தொற்றுநோய்போல் தன்னையும் பற்றிக்கொண்டது என்று பிற்காலத்தில் நினைவுகூர்கிறான். வேடிக்கை என்னவெனில், 'நேவ்' என்ற அச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் சிறுவன் என்றே பொருள். சிறுவன், பிறகு பணியாள், பிறகு கயவன் என்று அது காலப்போக்கில் இழிந்தது. கைத்தொழில் செய்யும் ஏழைச் சிறுவனைக் குறித்த சொல்லே கயவனைக் குறிப்பதாயிற்று என்றால், அதற்கு அந்நாட்டுச் சமூகமே சாட்சி.

அம்மாளிகையின் பெயர் 'சாட்டிஸ்'. போதும் என்று அதற்குப் பொருள். இவ்வீட்டை உடையவருக்கு வேறொன்றும் வேண்டியிராது என்ற கருத்தில் வைத்த பெயர். உள்ளே இருப்பவரோ எதிலும் நிறைவு காணாதவர். 'சாட்டிஸ்' இலத்தீன் சொல். அதிலிருந்து பிறந்தவையே சாட்டிஸ்ஃபை, சாட்டிஸ்ஃபேக்ஷன், திகட்டும்வரை நிறைத்தல் என்னும் பொருளுள்ள சேஷியேட், எவ்வளவு கிடைத்தாலும் அடங்காததைக் குறிக்கும் இன்சேஷியபிள் ஆகியவை.

இந்த இடத்தில் நம் மாணவர்கள் மற்றவரைவிட ஒரு படி முன்னே நிற்கிறார்கள் என்பது என் அனுபவம். மூன்றெழுத்து வேர் ஒன்றிலிருந்து கிதாபு, காதிபு, மக்தபு, மக்தூபு என்று சொற்கள் கிளைப்பதை அவர்கள் ஸர்ஃபுப் பாடத்தில் முதலாண்டே படித்துவிடுகிறார்கள். நூல், எழுதுபவர், எழுத்துப் பயிலும் இடம், எழுதப்பட்டது என்று பொருள் வேறுபட்டாலும் எழுத்து என்னும் கரு மாறுவதில்லை. ஆங்கிலத்தின் உயர்தரச் சொற்களில் பெரும்பகுதி இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து ஏறத்தாழ இவ்வாறே கிளைத்தவை. 'பெனிஃபாக்டர்' என்பதைப் பிரித்தால் நன்மை செய்பவர். "முஹ்ஸின்" என்று ஒருவர் உடனே சொன்னார். எதிர்ச்சொல் 'மேலிஃபாக்டர்' என்று நான் சொல்வதற்குள், தீமை செய்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று மற்றொருவர் முந்திக்கொண்டார். நாவலின் தலைப்பிலுள்ள 'எக்ஸ்பெக்டேஷன்' என்பதும் பார்த்தல் என்னும் வேரிலிருந்து வந்ததே. ஸ்பெக்டேட்டர், இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், சஸ்பெக்ட் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். அந்நாளில் அச்சொல்லைப் பன்மையில் சொன்னால், எதிர்காலத்தில் வந்து சேரவிருக்கும் சொத்து என்பதே பொருள். (இடையில் ஒன்று: இதுபோன்ற இதழை ஆங்கிலத்தில் 'மேகஸின்' என்கிறோமே, அது பண்டசாலை என்னும் பொருளுள்ள 'மக்ஸன்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது.)

ஜோ ஒரு கொல்லர். அவருடைய பட்டறைக்கு 'ஃபோர்ஜ்' என்று பெயர். கள்ளக் கையெழுத்திடுதலுக்கும் ஆங்கிலத்தில் 'ஃபோர்ஜ்' என்றே சொல்வார்கள். இரும்பை நெருப்பிலிட்டு நேர்மையாக உருவாக்குவதும், பொய்யைக் காகிதத்தில் உருவாக்குவதும் ஒரே சொல்! பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் காற்புள்ளியோடு முடிந்துபோகும். நாவலிலோ ஒன்று ஜோவின் தொழில், மற்றொன்று பின்னால் வரும் ஒரு கனவான் வேடக்காரனின் தொழில். அவ்விருவரையும் அறிந்த பிறகு அச்சொல்லின் இரு பொருளையும் எவர் மறப்பார்?

இனி, என் மாணவரைத் தடுக்கி விழச்செய்த சொல்லுக்கு வருகிறேன். 19ஆம் அத்தியாயம். பெயர் தெரியாத பெனிஃபாக்டர் ஒருவரால் பிப்புக்குப் பெருஞ்செல்வம் வரவிருக்கிறது என்று வழக்குரைஞர் அறிவித்துவிட்டார். அவன் இலண்டன் செல்ல வேண்டும். ஊரை விட்டுப் போகுமுன் கிராமத்து ஏழைகளைப் பார்த்து அவன் உள்ளம் நெகிழ்கிறது. இவர்களுக்கெல்லாம் ஒருநாள் விருந்தளிக்க வேண்டும் என்று மனத்தில் கணக்குப் போடுகிறான். இறைச்சி, இனிப்பு, ஒரு பைண்ட் பீர் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு காலன் 'கன்டெசென்ஷன்' என்று முடிக்கிறார் டிக்கன்ஸ். ஒரு காலனுக்கு எட்டு பைண்ட். பீரைவிட எட்டு மடங்கு! தான் மேலே நிற்பதாக எண்ணிக்கொண்டு, கீழே இருப்பவரிடம் இறங்கி வந்து இனிமை காட்டும் அந்தப் பாவனைக்குத்தான் அச்சொல். அன்று என் மாணவர் நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாடிப்படி இதில் இல்லை ஹஜ்ரத், மனத்துக்குள் இருக்கிறது" என்றார். நான் அதைவிட நன்றாக விளக்கியிருக்க முடியாது.

எங்கள் முறையைக் கேட்டு எழுதும் பெற்றோருக்காகச் சில வரிகள். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடுவதில்லை. தெரியாத சொல்லுக்குப் பென்சிலால் கோடிட்டுவிட்டு அத்தியாயத்தின் இறுதிவரை சென்றுவிட வேண்டும். கதை புரிந்தால் போதும். மறுநாள் அதே அத்தியாயத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கோடிட்ட சொற்களுக்கு முன்பின் வரிகளைக்கொண்டு பொருள் ஊகிக்க வேண்டும். ஊகித்த பிறகே அகராதி. இந்த ஒழுங்கு முக்கியம்; ஊகித்துத் தவறியவன் சரியான பொருளைக் கண்டதும் அதனை விடமாட்டான். கைப்பேசியில் சொல்லைத் தொட்டவுடன் பொருள் தோன்றிவிடுகிறது. தோன்றிய வேகத்திலேயே மறைந்தும் விடுகிறது. அத்தியாயத்துக்குப் பத்துச் சொற்கள் மட்டுமே குறிப்பேட்டில் ஏறும். சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருளை எழுதுவதில்லை. 'பிப் விருந்துக் கணக்குப் போடும் இடம்' என்று காட்சியை எழுதுகிறோம். அதன் கீழே சொந்த வாக்கியம் ஒன்று. நாவலில் 59 அத்தியாயங்கள். ஆக 590 சொற்கள். எண்ணூறைவிடக் குறைவுதான்.

சுருக்கப் பதிப்பை வாங்காதீர்கள். பள்ளியில் துணைப்பாடமாக நாம் படித்த சுருக்கங்களில் கதை இருக்கும். எந்தச் சொற்களுக்காக நூலைத் தேடுகிறோமோ அவை நீக்கப்பட்டிருக்கும். டிக்கன்ஸ் 1870இல் மறைந்தவர். நூலுக்கு உரிமைத்தொகை இல்லாததால் முழுப் பதிப்பே மலிவாகக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 160 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலம் இது. 'லிபரல்' என்று பெனிஃபாக்டரைச் சொன்னால் தாராள மனத்தினர் என்று பொருள். இன்றைய செய்தித்தாளின் அரசியல் பொருளை அதில் ஏற்றக்கூடாது. ஜோவின் பேச்சை அப்படியே பின்பற்றவும் கூடாது. அவர் கான்விக்ட் என்பதன் இடையிலுள்ள 'வி'யை 'டபிள்யூ'வாக ஒலிப்பவர். தமிழில் அவ்விரு ஒலிக்கும் வகரம் ஒன்றே என்பதால், ஜோவின் பிழை நம் பிழையும்கூட.

ஜோவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். தந்தையின் கொடுமையால் பள்ளி செல்ல இயலாமற்போனவர் அவர். பிப் பலகையில் பிழை மலிய எழுதிய முதற் கடிதத்தில், தம் பெயரின் 'ஜே'யையும் 'ஓ'வையும் மட்டும் கண்டுபிடித்து, "எத்தகைய அறிஞன் நீ!" என்ற வகையில் வியந்து மகிழ்கிறார். அதே பிப் இலண்டனில் கனவானாகி, ஆசிரியரிடம் பயின்று, நண்பன் ஹெர்பர்ட்டிடம் மேசை நாகரிகம் கற்ற பிறகு, 27ஆம் அத்தியாயத்தில் ஜோ அவனைப் பார்க்க வருகிறார். வருவது தெரிந்ததும் பிப்புக்கு மகிழ்ச்சி இல்லை; பணம் கொடுத்துத் தடுக்க முடியுமானால் கொடுத்திருப்பேன் என்று ஒப்புக்கொள்கிறான். ஜோ தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கிறார். வைத்த இடத்திலிருந்து அது விழுந்துகொண்டே இருக்கிறது. வளர்த்த பிள்ளையை 'சார்' என்று அழைக்கிறார். இலண்டனில் என்ன பார்த்தீர்கள் என்றதற்கு, ஒரு காலணி மைத் தொழிற்சாலையைப் பார்த்ததாகச் சொல்லி, 'ஆர்க்கிடெக்சுரல்' என்ற பெருஞ்சொல்லைச் சொல்ல முயன்று 'ஆர்க்கிடெக்டூராலூரல்' என்று நாக்குழறுகிறார்.

மாணவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒரு செய்தியைச் சொன்னேன். 1824இல், தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டபோது, 12 வயது டிக்கன்ஸ் அத்தகைய காலணி மைத் தொழிற்சாலை ஒன்றில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை செய்தார். அந்த அவமானத்தை வாழ்நாளெல்லாம் மறைத்து வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு, நண்பர் ஜான் ஃபோர்ஸ்டர் எழுதிய வரலாற்றின் வாயிலாகவே உலகம் அறிந்தது. 1861இல் ஜோவின் நாக்குழறலைப் படித்துச் சிரித்த வாசகர் எவருக்கும், எழுதியவர் அந்தக் கட்டடத்தை ஏன் அங்கே கொண்டுவந்து நிறுத்தினார் என்பது தெரியாது.

அதற்குப் பிறகு வகுப்பில் பேச்சில்லை. பட்டறையில்தான் தாம் சரியாக இருப்பதாகவும், இந்த உடையில் தாம் தவறாகிவிடுவதாகவும் சொல்லிவிட்டு ஜோ போய்விடுகிறார். பிப் தெருவில் ஓடித் தேடுகிறான், காணவில்லை. அப்பக்கத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்த மாணவரின் தந்தை பூட்டுப் பழுது பார்ப்பவர். சென்ற ஆண்டு அவர் மகனைப் பார்க்க வந்தபோது, கருவிப்பையோடு மதரஸா வாசலிலேயே நின்றிருந்தார். மகன் உள்ளே அழைக்காமல் தெருமுனைத் தேநீர்க்கடைக்கு அழைத்துச் சென்றதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அதை நான் இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. அன்று அவர் குறிப்பேட்டில் பத்துச் சொற்களுக்குப் பதில் ஒன்பதே இருந்தன. பத்தாவதற்கு 'அஷேம்ட்' என்று எழுதி, எளிய சொல்தானே என்று அடித்திருந்தார். அது இருக்கட்டும் என்று நான் மறுபடி எழுதிவைத்தேன்.

இப்போது 39ஆம் அத்தியாயத்துக்கு வந்திருக்கிறோம். பிப்புக்கு வயது 23. இலண்டனில் புயலும் மழையுமான இரவு. அறையில் தனியே இருக்கிறான். தன் பெனிஃபாக்டர் யாரென்று தனக்குத் தெரியும் என்றே இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தவன். மாணவர்களும் அப்படியே எண்ணியிருக்கிறார்கள். நான் வாய் திறக்கவில்லை. விளக்குகள் அணைந்த படிக்கட்டில் காலடியோசை கேட்கிறது. யாரோ ஒருவர் இருட்டில் ஏறி வருகிறார். பிப் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, எந்த மாடிக்கு வேண்டும் என்று கேட்கிறான். அந்த இடத்தில் மக்ரிப் பாங்கு ஒலித்தது. நூலை மூடினோம்.